அவ உனக்குப் பேசமாட்டா

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் தடுமாறியிருக்கிறேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் இந்த முறை எழுதிவிடுவேன் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுப்பதும், உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் அதை மறந்ததுபோல நடிப்பதுமாகக் காலம் போய்விட்டது. நான் அதிகம் படித்தவள் அல்ல. மன்னாரில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கோயில் திருவிழா மலருக்கு ஒருமுறை நன்றி எழுதிக் கொடுத்ததைத் தவிர அச்சில் வர நான் எழுதியது எதுவுமில்லை. ஆனாலும் என்னைத் தடுத்தது அது அல்ல. இது இன்னொரு தாய் பெற்ற பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளை அப்போது மாணவர் விசாவில் இருந்தாள். விசாவில் இருக்கிற ஒருவரைப் பற்றி வாய் திறந்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயம் எங்கள் சனத்துக்கு எலும்புக்குள் ஊறியது. இப்போது அவளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. அண்மையில் சிட்னியிலிருந்து ஃபோன் எடுத்து, "எழுதுங்க ஆன்ட்டி. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க, எங்கம்மா படிச்சா அழுவாங்க" என்றாள். ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன். அவளை நான் கூப்பிட்டதுபோலவே 'பிள்ளை' என்று எழுதுகிறேன்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்குள் வருவது அவளுடைய முகம் அல்ல, ஒரு தட்டுச் சோறு. எங்கள் குசினியின் குளிர் அறையில், பால் பெட்டிகளுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் தாளால் இழுத்து மூடி, ஒரு குழந்தையைக் கிடத்தியதுபோல மறைத்து வைத்திருந்த ஒரு பெரிய தட்டுச் சோறு.

குசினி என்று நான் சொல்வது வீட்டுச் சமையலறையை அல்ல. கிளேட்டனில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவர் விடுதி ஒன்றின் சாப்பாட்டு மண்டபத்துக் குசினி. நான் அங்கே பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, கடைசியில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறவளாக ஆனேன். வருடத்தில் இரண்டு முறை, படிப்புத் தொடங்குமுன், மாணவர்களை வேலைக்கு எடுப்போம். வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு ரெஸ்யூமேயைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோயிலில் நற்கருணைக்கு நிற்கிறவர்கள்போல வரிசையில் நிற்பார்கள். எஞ்சினியர் என்று எழுதியிருக்கும், பரிசு வாங்கியது எழுதியிருக்கும். ஒரு வாளியும் துடைப்பமும் கொடுத்தால் எதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று விழிப்பார்கள். சிரிப்பும் வரும், வயிறும் எரியும். இவர்களுடைய தாய்மார் இதைப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று நினைப்பேன்.

வளாகத்துக்குள் கிடைக்கும் வேலைக்கு ஏன் இவ்வளவு அடிபடுகிறார்கள் என்று வெளியில் உள்ளவர்களுக்கு விளங்காது. மாணவர் விசாவில் வந்தவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் இத்தனை மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. வளாகத்து வேலையில் அந்த எல்லையை வேலை கொடுக்கிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். வகுப்பு நேரத்துக்கு ஏற்றபடி ஷிப்ட் போடுவார்கள். சம்பளத்துக்கு ஒழுங்கான துண்டு வரும். வெளியே சில முதலாளிமார் அப்படி இல்லை. கணக்கில் காட்டாமல் வேலை வாங்குவார்கள், எல்லையைத் தாண்ட வைப்பார்கள், பிறகு அதையே சொல்லி வெருட்டுவார்கள். எல்லை தாண்டியது தெரியவந்தால் விசா போகும். படிப்பு, தகப்பன் அடகு வைத்த காணி, தாயின் பெருமை எல்லாம் அதோடு போகும்.

அந்த வருடம் பெப்ரவரியில் வந்தவர்களில் அந்தப் பிள்ளையும் ஒருத்தி. சேலத்துப் பக்கம். நெற்றியில் கடுகளவு கறுப்புப் பொட்டு. நான் தமிழில், "வாங்கோ பிள்ளை, உதில கதிரையில இருங்கோ" என்றதும் திகைத்துப்போய் நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க மலையாளமா?"

"இல்லையம்மா. தமிழ். சிலோன் தமிழ்."

"ஐயோ சாரி. எனக்கு எல்லாம் புரியுது ஆன்ட்டி, கொஞ்சம் லேட்டா புரியுது, அவ்ளோதான்."

எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. நான் பிள்ளை பிள்ளை என்று கூப்பிட, "நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல ஆன்ட்டி, எம்.எஸ். பண்ண வந்திருக்கேன்" என்று முறைத்தாள். "எம்.எஸ். எண்டாலும் பிள்ளைதான், இந்த வெங்காயத்தை உரி" என்றேன். சிரித்துக்கொண்டு உரித்தாள். கண்ணீர் வழிய வழிய உரித்தாள்.

இரண்டு நாள் வேலை செய்து காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ட்ரையல் என்போம். அந்த முறை இருந்தது ஒரேயொரு இடம். வியாழன் மதியம், மேசை துடைக்கும்போது அவள் எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி ஒரு விசயம் சொன்னாள். வெளியில் ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கணக்கு வழக்கு இல்லை, எவ்வளவு நேரமும் செய்யலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றிருக்கிறார். வருகிற செவ்வாய்க்குள் முடிவு சொல்லவேண்டுமாம்.

"எனக்கு அங்க போக பயம் ஆன்ட்டி. எங்க ஃப்ளாட்ல முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்க. இப்படித்தான் ஒரு இடத்துல லிமிட் தாண்டி வேலை பார்த்தாங்க. விசா போயி ஊருக்குத் திரும்பிட்டாங்க. அவங்க படுத்த பெட்லதான் நான் இப்போ படுக்கறேன்."

"அப்ப போகாதையன்."

"இங்க கிடைக்கலைன்னா வேற வழி இல்லையே."

அன்றிரவு செபமாலையில் அவளுக்காக ஒரு பத்து மணி கூடச் சொன்னேன். என் கணவர், "பெத்த பிள்ளையளுக்கு நீ இவ்வளவு சொல்லேல்லையப்பா" என்று பகிடி பண்ணினார். மல்கிரேவில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை செய்கிற மனிதர். எதற்கும் பதறமாட்டார். எங்கள் வீட்டின் பதற்றம் முழுவதையும் நானே தனியாகச் சுமக்கிறேன்.

மறுநாள் காலை குளிர் அறையில் அந்தச் சோற்றைக் கண்டுபிடித்தது மனேஜர்.

எங்கள் மனேஜர் ஒரு இத்தாலிக்காரரின் மகள். உயரமான மனுசி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் சாப்பாட்டுச் சுகாதாரம் என்று வந்தால் இரும்பு. மதியம் சூட்டுப் பெட்டியில் நின்ற சோறு மிஞ்சினால் குப்பையில் போடவேண்டும், மறுபேச்சில்லை. பழைய சோற்றால் நூறு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் பதில் சொல்வது? அந்தப் பிள்ளையிடம் "இதைக் கொட்டிவிடு" என்று வியாழன் மதியம் சொன்னதும் மனேஜர்தான். அவளும் யெஸ் என்று தலையாட்டியிருக்கிறாள். பிறகு கை வரவில்லை. அவ்வளவு சோற்றை ஒரேயடியாகக் குப்பையில் கவிழ்க்க நம்மவர் யாருக்குத்தான் கை வரும்? நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நின்றேன். இன்றைக்கும் சோறு கொட்டும்போது ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் கொட்டுகிறேன்.

எல்லோரையும் கூப்பிட்டு, இது யார் வைத்தது என்று மனேஜர் கேட்டார். அந்தப் பிள்ளை முன்னால் வந்து, "நான்தான். யாராவது பசியோட வருவாங்கன்னு வெச்சேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மனேஜர் அவளை ஒருமுறை பார்த்தார். வைத்த திகதி எழுதாத அந்தத் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கொட்டினார். பிறகு அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிச்ச ஷிப்ட் முழுவதும் அந்தப் பிள்ளை செத்த பிணம்போல வேலை செய்தாள்.

பின்னேரம் நான் மனம் பொறுக்காமல் மனேஜரிடம் போனேன். அவளை எடுப்பீர்களா என்று நேரே கேட்க எனக்குத் தகுதியில்லை. "சோற்று விசயத்தில் அவள்மேல் கோபமா?" என்றுதான் கேட்டேன். மனேஜர், "ஒப்புக்கொண்ட பிள்ளையை நான் ஏன் கடியவேண்டும்? உண்மையை மறைத்திருந்தால்தான் கோபம்" என்றார். பிறகு, "அவளோடு வேலை செய்ய உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். நான் யெஸ் என்று இரண்டு முறை சொன்னேன். "திங்கட்கிழமை நானே அவளுக்கு ஃபோன் எடுப்பேன். அதற்குமுன் நீ எதுவும் சொல்லிவிடக் கூடாது" என்றார். அது அவருடைய சட்டம். வேலை கிடைத்த செய்தியைத் தானே தன் வாயால் சொல்லவேண்டும் அவருக்கு.

வெளியே வந்தால் அந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பின்கதவில் நிற்கிறாள். முகத்தில் உயிரில்லை. எனக்கோ நெஞ்சுக்குள் சந்தோசம் பொங்குகிறது, வாயில் பூட்டு. சொல்லக்கூடாததைச் சொல்லாமல் அவள் மனதை எப்படித் தேற்றுவது? ஆண்டவரே, நாவைக் காத்துக்கொள்ளும் என்று வேண்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னது இதுதான்:

"மனேஜரோட கதைச்சிட்டன் பிள்ளை. அவ உனக்குப் பேசமாட்டா. நீ இனி யோசியாதை. வீட்டை போய் ஆறுதலா இரு."

அவள் கண் நிறைந்துவிட்டது. "சரி ஆன்ட்டி. தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ஆனந்தக் கண்ணீர் என்று நான் நினைத்தேன். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்குள் நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை மனேஜர் அவளுக்கு ஃபோன் எடுத்தார். யாரோ துண்டித்துவிட்டார்கள். திரும்ப எடுத்தார். திரும்பவும் அப்படியே. மதியத்துக்குப் பிறகு இன்னொரு முறை. மனேஜர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மேசையில் வைத்தார். "அவளுக்கு இந்த வேலையில் விருப்பமில்லை போலிருக்கிறது. நாளை வரை பார்ப்பேன். இல்லையென்றால் அடுத்த ஆள்" என்றார்.

அவளுடைய நம்பரைத் தாருங்கள் என்று கேட்டேன். அது தனிப்பட்ட விபரம், தர அனுமதியில்லை என்றார். நான் கேட்டு வாங்கி வைத்திருக்கவுமில்லை. வேலை முடிந்ததும் நூலகத்து வாசலில் நின்றேன், பஸ் தரிப்பில் நின்றேன், இந்தியத் தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் இடமெல்லாம் போய்க் கேட்டேன். "இன்ஸ்டா ஐடி இருக்கா ஆன்ட்டி?" என்று ஒருவன் கேட்டான். அதென்ன என்று எனக்குத் தெரியவில்லை. "பொட்டு வைச்ச பிள்ளை, சேலத்துப் பக்கம்" என்றேன். "ஆன்ட்டி, எங்க பேட்ச்ல பாதி பேர் சேலம்தான்" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஏதும் நடந்துவிட்டதோ? ரோட்டைக் கடக்கும்போது ஏதாவது? அல்லது நான் சொன்னதில் நம்பிக்கை இல்லாமல் அந்த முதலாளியிடமே போய்விட்டாளோ? நினைக்க நினைக்க மனம் போகாத இடமெல்லாம் போனது. இரவு சாப்பாடு இறங்கவில்லை. கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, முதல்முறையாகப் பகிடி பண்ணாமல் இருந்தார்.

மறுநாள் செவ்வாய், எனக்கு ஓய்வு நாள். செவ்வாய் அந்தோனியாருக்கு உரியது என்பது கடற்கரைச் சனம் எல்லோருக்கும் தெரியும். தொலைந்ததைக் காட்டித் தருகிறவர் அவர். காலைப் பூசைக்குப் போய் ஒரு திரி கொளுத்தி, "தொலைஞ்சது பூட்டுத் திறப்போ தோடோ இல்லை, ஒரு பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மல்லித்தூள் முடிந்தது நினைவுக்கு வந்து, கிளேட்டனில் நாங்கள் வழக்கமாகப் போகும் யாழ்ப்பாணத்து அண்ணாவின் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தேன். அரிசி மூடைகளுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம் நழுவப் பார்த்தாள்.

"பிள்ளை! எங்க போனனீ? உன்னை நான் தேடாத இடமில்லை!"

"எதுக்கு ஆன்ட்டி தேடணும்? நீங்கதான இனி யோசிக்காத, வீட்டுக்குப் போய் ஆறுதலா இருன்னு சொல்லிட்டீங்க."

"ஓம். யோசியாதை எண்டுதான் சொன்னனான். அதுக்கு ஏன் ஃபோனை எடுக்கேல்லை?"

"யார் ஃபோனை? மேனேஜர்தான் என்கிட்ட பேசமாட்டாங்கன்னு சொன்னீங்களே!"

"பேசமாட்டாதான். அவ ஆருக்கும் பேசிறேல்லை. தங்கமான மனுசி."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யார்கிட்டயுமே பேசாம எப்படி ஆன்ட்டி மேனேஜரா இருக்காங்க?"

கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருந்த கடைக்கார அண்ணா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. தங்கச்சி, இங்க பாருங்கோ. எங்கட ஆக்களுக்குப் பேசிறது எண்டா திட்டுறது. நீங்கள் பேசிறது எண்டு சொல்லுறதைத்தான் நாங்கள் கதைக்கிறது எண்டுவம்."

"திட்டறதா?"

"ஓம். அவ உன்னைத் திட்டமாட்டா எண்டுதான் அக்கா சொல்லியிருக்கிறா. யோசியாதை எண்டா கவலைப்படாதை. ஆறுதலா இரு எண்டா டென்சன் இல்லாம இரு. நானும் கடை திறந்த புதுசில இப்பிடிக் கனக்கப் பட்டனான்."

அப்போதுதான் நான் சொன்னதை அவளுடைய காதால் கேட்டுப் பார்த்தேன். மனேஜர் இனி உன்னோடு வார்த்தை வைத்துக்கொள்ளமாட்டார். அதை மறந்துவிடு. வீட்டுக்குப் போய் மனதைத் தேற்றிக்கொள். ஐயோ என் தாயே. ஒருத்தியை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்ப இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

அவள் அரிசி மூடையில் அப்படியே குந்திவிட்டாள். "அப்போ என்னை வேண்டாம்னு சொல்லலையா?"

"சொல்லேல்லையடி. நேற்று முழுக்க உனக்கு ஃபோன் எடுத்தவ."

அவள் ஃபோனைத் திறந்து காட்டினாள். நம்பரே இல்லாமல் மூன்று அழைப்புகள். "நம்பர் காட்டாத கால் வந்தா எடுக்காதீங்கன்னு வந்த முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க ஆன்ட்டி. உன் விசா கேன்சல் ஆகப்போகுதுன்னு மிரட்டிப் பணம் பறிக்கற கும்பல் அப்படித்தான் கூப்பிடுமாம். நான் பயந்துபோய் கட் பண்ணிட்டேன்."

நான் உடனே மனேஜருக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், அவர் ஃபோனை அலுவலக மேசையில் போட்டுவிட்டு மண்டபத்தில் நிற்பார். இன்றைக்குள் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன் என்றவர் கூப்பிட்டு முடித்திருப்பாரோ? நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளையின் ஃபோன் அடித்தது. இந்த முறை நம்பர் இருந்தது. அந்தச் சாப்பாட்டுக்கடை முதலாளி.

அவள் எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு சாயங்காலம் வரணும், இல்லைன்னா வேற ஆளுன்னு சொன்னார் ஆன்ட்டி. என்ன பண்ணட்டும்?"

வேண்டாம் என்று சொல்லு பிள்ளை என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் எங்கள் குசினியில் இடம் போயிருந்தால்? இரண்டும் இல்லாமல் இவள் தெருவில் நின்றால்? அந்தப் பழியை எந்த மாதா சந்நிதியில் போய் நான் இறக்கி வைப்பேன்? "நான் ஒண்டும் சொல்லமாட்டன். போன முறை நான் சொன்னதே காணும், போதும்" என்றேன்.

ஃபோன் நின்று, திரும்ப அடித்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இதுக்கு ஆமான்னு சொன்னா, அந்த அக்கா பெட்ல எனக்கு இனிமே தூக்கம் வராது ஆன்ட்டி" என்றாள். எடுத்து, "சாரி சார், நான் வரலை" என்று ஒரேயொரு வரி சொன்னாள். மறுபக்கத்தில் அந்த மனிதர் கத்தத் தொடங்கினார். ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் கடை முழுவதும் கேட்டது. நன்றி கெட்டவள் என்றார், உன்னைப்போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றார், அதற்குமேல் எழுதக் கூடாததெல்லாம் சொன்னார். அவள் ஃபோனை வைத்தாள்.

"இப்ப விளங்குதே தங்கச்சி?" என்றார் கடைக்கார அண்ணா. "இதுதான் எங்கட பேச்சு."

அவள் அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள். மல்லித்தூளை வாங்காமலே பஸ்ஸுக்கு ஓடினோம்.

அந்த பஸ் எல்லாத் தரிப்பிலும் நின்றது. ஒரு கிழவர் பயண அட்டையைத் தேடி நின்றார். ஒரு தாய் பிள்ளை வண்டியை ஏற்றக் கஷ்டப்பட்டாள். பைக்குள் கையை விட்டுச் செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தேன், எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் அவளும் ஏதோ முணுமுணுத்தாள். எந்தச் சாமியை என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் வந்தால் நல்லது என்றுதான் இருந்தது.

மனேஜர் அலுவலக அறையில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் அதை வைத்துவிட்டுக் கைகளை விரித்தார். "உங்களுக்கெல்லாம் என்னதான் பிரச்சினை? அடுத்த பையனுக்குக் காலையிலிருந்து எடுக்கிறேன். அவனும் துண்டிக்கிறான். வேலை வேண்டும் என்று வரிசையில் நிற்கிறீர்கள், வேலை தரக் கூப்பிட்டால் ஒருவரும் எடுப்பதில்லை!"

இடம் இன்னும் இருக்கிறது.

அந்தப் பிள்ளை, நம்பர் தெரியாத அழைப்பைப் பற்றிச் சொன்னாள். பல்கலைக்கழகத்து ஃபோனிலிருந்து எடுத்தால் நம்பர் காட்டாது என்பது மனேஜருக்குத் தெரியவே தெரியாது. "எல்லோருமா எடுக்கமாட்டீர்கள்?" என்று கேட்டார். "என் கிளாஸ்ல எல்லாருமே கட் பண்ணுவாங்க" என்றாள். மனேஜர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சோற்றைப் பற்றிக் கேட்டார். இனி கொட்டச் சொன்னால் கொட்டுவாயா என்று. அவள் உடனே ஆம் என்று சொல்லியிருக்கலாம். "எனக்குக் கை வருமான்னு தெரியலை. ஆனா மறைக்க மாட்டேன். உங்களைக் கூப்பிடுவேன்" என்றாள். மனேஜர் என்னைக் காட்டி, "அவளைக் கூப்பிடு. அவள் சிலுவை போட்டுவிட்டுக் கொட்டுவாள்" என்றார். இத்தனை வருடமும் அந்த மனுசி அதைக் கவனித்திருக்கிறார்!

பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு, கதவை மூடி உள்ளே இருவரும் இருந்தார்கள். நான் உருளைக்கிழங்கு மூடையில் குந்தியிருந்தேன். அவள் வெளியே வந்து, கழுத்தில் புது ஏப்ரனை மாட்டிக்கொண்டே, யோசித்து யோசித்து, "ரொம்ப நேரம் கதைச்சாங்க ஆன்ட்டி" என்றாள். சேலத்து வாயில் எங்கள் சொல் நொண்டிக்கொண்டு வந்தது. படிப்பு முடியும்வரை அவள் எங்களோடுதான் வேலை செய்தாள்.

கதை இதோடு நல்லபடி முடிந்தது என்று சொல்லி நன்றிப் பூசை வைத்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் அன்று மனேஜர் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை. சில நாள் கழித்துச் சாமான் எண்ணும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இத்தனை வருடமும் நான் கூப்பிட்டு எடுக்காதவர்களை விருப்பமில்லாதவர்கள் என்று விட்டுவிட்டேனே. அவர்கள் எங்கே போயிருப்பார்கள்?" ஃபோன் வருமென்று காத்திருந்து, வந்ததைப் பயத்தில் துண்டித்துவிட்டு, நம்மை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று படுத்து அழுத பிள்ளைகள் எத்தனை பேரோ. அவர்களில் சிலர் அந்தமாதிரி முதலாளிகளின் வாசலுக்குத்தான் போயிருப்பார்கள்.

இப்போது நாங்கள் பக்கத்து ஊரான ரோவிலில் இருக்கிறோம். அந்த மனேஜர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இன்னும் அதே குசினிக்குப் போகிறேன். இப்போதெல்லாம் முதலில் ஃபோனுக்கு எழுத்தில் செய்தி போகும், பிறகுதான் அழைப்பு. ஆனாலும் ஒவ்வொரு பெப்ரவரியிலும் அந்த வரிசையில் நிற்பவர்களோடு நானே போய்க் கதைக்கிறேன். தமிழ்ப் பிள்ளை என்றால் சொல்லவேண்டியதை எங்கள் தமிழிலும் அவர்கள் தமிழிலும் சொல்லி, போதாமல் என் உடைந்த ஆங்கிலத்திலும் சொல்லி, விளங்கியதா என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறேன். கோயிலில் பெயர் தெரியாத அந்தப் பழைய பிள்ளைகளுக்காக மன்றாடுகிறேன். குருவானவர் யாருக்காக என்று கேட்டால், "ஃபோன் எடுக்காதவர்களுக்காக, ஃபாதர்" என்பேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள். ஆனால் நான் எழுதியபடியே கொடுங்கள். படித்தவர்கள் யாராவது 'பேசமாட்டா' என்பதை 'திட்டமாட்டார்' என்று திருத்திவிடாதீர்கள், 'யோசியாதை'யைச் சீர்ப்படுத்தாதீர்கள். ஒரு சொல் இடம் மாறினால் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவள் கேட்கிறேன். கை மாறி மாறிப் போய் இது அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமாவது சேரும் என்று நம்புகிறேன். கிளேட்டனில் ஒரு விடுதிக் குசினியில் வெங்காயம் உரித்துக் காட்டிவிட்டுப் போய், நாட்கணக்கில் காத்திருந்து, நம்பரில்லாத ஒரு அழைப்பைப் பயத்தில் துண்டித்தவர் நீங்கள் என்றால், அழைத்தது நாங்கள்தான். உங்களை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.